பல கை பட்ட ஜீப்: கோளாறைத் தேட வேண்டிய இடம்

குலசேகரம், கீரிப்பாறை, பாலமோர் பக்கம் ரப்பர் தோட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய ஜீப்புகளில், கம்பெனி விட்டபடியே இருப்பது அபூர்வம். ஆர்சி புத்தகத்தில் பெட்ரோல் சிஜே3பி (பழைய ஜீப் மாடல்) என்று இருக்கும். பானட்டைத் திறந்தால் உள்ளே டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். பின் ஆக்சில் ஒரு வண்டியுடையது, ஸ்டியரிங் பாக்ஸ் இன்னொன்றுடையது, ஆல்டர்னேட்டர் ஏதோ காரிலிருந்து கழற்றியது. ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் மலையிலிருந்து இறங்க வேண்டும், பெட்ரோல் விலை கட்டுப்படியாகாது, கிடைத்த பாகத்தை லேத்தில் கொடுத்து வெட்டிப் பொருத்திக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில மாற்றங்கள் கம்பெனி செய்ததைவிட நன்றாகவே இருக்கின்றன.

பழுது பார்க்கும்போதுதான் தலைவலி. கையேடு ஒரு வண்டியைப் பற்றிப் பேசும். எதிரே நிற்பதோ நான்கு வண்டிகளின் கலவை. இப்படிப்பட்ட ஜீப்பில் கோளாறு பெரும்பாலும் புதிதாகப் போட்ட பாகத்திலும் இருக்காது, பழைய பாகத்திலும் இருக்காது. இரண்டும் சேருகிற இடத்தில் இருக்கும்: ஒரு வெல்டிங், ஒரு அடாப்டர் பிளேட், முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஒயர். மார்த்தாண்டத்தில் ஒரு வயதான மெக்கானிக் தன் கைப்பையனிடம், "லே மக்கா, பாகத்தைப் பொறவு பாப்போம். ஒட்டுப் போட்ட எடத்த மொதல்ல பாரு" என்பார். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையில்தான் போகிறது.

தொடங்கும் முன் வண்டிக்கு ஒரு ஜாதகம் எழுதிவிடுங்கள். ஒரு நோட்டில் எஞ்சின் எது, கியர்பாக்ஸ் எது, முன் பின் ஆக்சில் எதிலிருந்து வந்தவை, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் எந்த வண்டிக்கானது, யார் எப்போது மாற்றினார்கள் என்று. தெரியாததைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். பழைய பெட்ரோல் எஞ்சினே இருந்தால் வேலை சுலபம். அந்த 2,199 சிசி ஹரிக்கேன் எஞ்சினுக்கு அளவுகள் தெளிவாகவே உண்டு: தீப்பொறி வரிசை 1-3-4-2, பாயிண்ட் இடைவெளி 0.5 மி.மீ., பிளக் 0.75 மி.மீ., டைமிங் மேல்மையத்துக்கு 5 டிகிரி முன்னால். இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் அமைப்பு அது. ஹெட் கவரை மட்டும் கழற்றி டாப்பெட் (வால்வு இடைவெளி) பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. மீதி நான்கு வால்வு பிளாக்கின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கின்றன.

இன்னொன்று, இது உயிர் விஷயம். இந்த ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்றும், தரையில் உள்ளது மறுபக்கம் உருளும். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருக்க, வண்டி போய்விடும். மலைச் சரிவில் கல் வைக்காமல் ஜாக்கி போடவே கூடாது. சமதரையிலும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

40, 50 வேகத்தில் ஒரு குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையைவிட்டு ஆடுகிறது

ஜீப் வைத்திருப்பவர்களை அதிகம் பயமுறுத்துவதும், அதிகம் தவறாகப் பழுது பார்க்கப்படுவதும் இதுதான். தக்கலைச் சாலையில் ஒரு சின்ன மேடு தட்டியதும் முன் சக்கரம் இரண்டும் இடமும் வலமும் அடித்துக்கொள்ளும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். உடனே எல்லோரும் சொல்வது, ஸ்டியரிங் டாம்பர் (ஆட்டத்தை உறிஞ்சும் ஷாக் அப்சார்பர்) போடு என்று. டாம்பர் ஆட்டத்தை மறைக்கும். தேய்மானம் உள்ளே தொடர்ந்து நடக்கும். அதை கடைசியில் போடுங்கள்.

முதலில் காற்று அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். மிதித்த பிறகும் இருந்தால் கிங்பின், அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற அச்சு. இந்த ஒரு சோதனை பல நூறு ரூபாய் பேரிங்கைத் தேவையில்லாமல் மாற்றுவதைத் தடுக்கும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையான டை ராட் எண்டும், நடுவில் திருப்பத்தைக் கடத்துகிற பெல் கிராங்கும் தங்கள் கதையைச் சொல்லும்.

கிங்பின் மூடியைக் கழற்றுவது கஷ்டமில்லை. நான்கு போல்ட். கீழே மெல்லிய தகடுகளாக ஷிம் அடுக்கு இருக்கும். கிழியாமல், எத்தனை எந்தப் பக்கம் என்று குறித்து எடுத்து வையுங்கள். நல்ல நிலையில் உள்ள பேரிங்கில் கிரீஸ் கறுப்பாக, ஈரமாக இருக்கும். ஓடையில் இறங்கி ஏறி, பல வருடம் யாரும் தொடாத வண்டியில் மூடியைத் தூக்கியதும் செம்மண் நிறத்தில் வறண்ட பொடி கொட்டும். அந்தப் பொடி மண் அல்ல, பேரிங் உருளைகளே தேய்ந்து துருவாகியது. உருளைகள் ஓடும் வளையமான ரேஸின் மேல் உருளை அளவுக்கு வரிசையாகப் பள்ளம் விழுந்திருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். அப்படியிருந்தால் ஷிம் எடுத்து இறுக்கிப் பயனில்லை, ரேஸோடு மாற்ற வேண்டும். புதிது போட்டபின் டை ராடைக் கழற்றி, ஸ்டியரிங் கையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்துப் பாருங்கள். எவ்வளவு எடையில் நகர வேண்டும் என்பது ஆக்சிலுக்கு ஆக்சில் மாறும். உங்கள் ஜாதகத்தில் எழுதிய ஆக்சிலின் கையேட்டைப் பாருங்கள். தொளதொளவென்று நகரக்கூடாது, இறுகி நிற்கவும் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லையா? இப்போது மாற்றத்துக்கு வாருங்கள். வண்டியை உயர்த்த நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் பட்டை) போட்டிருக்கிறார்களா? இந்த ஜீப்புகளில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் முன்முனை கீழே இறங்கி, ஆக்சில் முன்பக்கமாகச் சுழலும். கிங்பின்னின் மேல்முனை முன்னால் சாயும். சக்கரத்தைத் தானாக நேரே திரும்ப வைப்பது கிங்பின் பின்னால் சாய்ந்திருக்கும் அந்த 3 டிகிரி காஸ்டர்தான். அது குறைந்தால் சக்கரத்துக்குத் திசையே தெரியாது. உயரம் ஒரு அங்குலம் கூடியதற்கு விலை இதுதான்.

தீர்வு, ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு. லேத்தில் வெட்டித் தருவார்கள், ஆனால் எந்தப் பக்கம் தடிப்பு வர வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் அசல் அமைப்பில் தடித்த முனை முன்னால். ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி வண்டியை உயர்த்தியிருந்தால் நேர்மாறு, தடித்த முனை பின்னால். மாற்றிப் போட்டால் ஆட்டம் இரண்டு மடங்காகும். இன்னொரு கணக்கும் உண்டு: காஸ்டரைக் கூட்டும்போது பினியன் மூக்கு (ஆக்சிலில் ஷாஃப்ட் சேரும் முனை) கீழே இறங்கும், முன் ஷாஃப்டின் கோணம் மோசமாகும். அதனால் 2 டிகிரி தகட்டில் ஆரம்பித்து ஓட்டிப் பாருங்கள்.

பவர் ஸ்டியரிங் மாற்றிய வண்டி என்றால் முதலில் பார்க்க வேண்டியது பாக்ஸைத் தாங்குகிற பிளேட். எஞ்சினை நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருகச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச்சோடு கீழே. பாக்ஸ் துளியும் அசையக்கூடாது. வெல்டிங்கின் ஓரத்தில் முடியளவு மெல்லியதாகச் செம்பழுப்புக் கோடு ஒன்று தெரிந்தால் அது அழுக்கு அல்ல, விரிசல். இரண்டு பக்கமும் உரசி உரசித் துருப்பொடியை வெளியே தள்ளுகிறது. அதே இடத்தில் மேலேயே இன்னொரு வெல்டிங் வைத்து மூடுவது வேண்டாம். விரிசலின் முனையில் துளை போட்டு, அரைத்தெடுத்து, உள்பக்கம் ஒரு பிளேட் சேர்த்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள்.

மழைக்குப் பிறகு செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது, பேட்டரி புதிது

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடலோரத்தில் நிற்கிற வண்டிகளுக்கும், மலையில் இரண்டு பருவமழையும் நனைகிற வண்டிகளுக்கும் இது பொது நோய். பேட்டரியைக் குற்றம் சொல்வதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிரம்பியிருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழாவிட்டால் பேட்டரி நல்லது.

அடுத்து, மீட்டரின் சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேசிஸுக்கும் மின்தொடர்பு தருவது பின்னல் பட்டை ஒன்றுதான். எஞ்சின் மாற்றும்போது மவுண்ட் வெட்டுவார்கள், சைலன்ஸர் வளைப்பார்கள், அந்தப் பட்டையைத் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். பட்டை இல்லாவிட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்பதுதான் ஏமாற்று. கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் ஸ்பீடாமீட்டர் கேபிள் வழியாகவும் திரும்பப் போகும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு ஆதாரமே வேண்டாம்.

புதுப் பட்டை போடும்போது பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய வைத்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கே நேராக ஒரு கேபிள் போடுவது இன்னும் நல்லது. நம் உப்புக் காற்றில் சேசிஸ் வழியாக வரும் எர்த்தை எவ்வளவு நாள் நம்புவது?

ஆம்பியர் மீட்டர் பக்கம் கருகிய வாடை

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டிகளில் மட்டும் வருவது. சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வண்டி எரிகிற விஷயம். அசல் அமைப்பில் வண்டியின் சார்ஜிங் கரண்ட் முழுவதும் டாஷ்போர்டுக்கு வந்து ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகிறது. டைனமோ காலத்து மீட்டர் 30 ஆம்பியருக்கானது. காரிலிருந்து எடுத்த ஆல்டர்னேட்டர் 55, 65 என்று தரும். இரவெல்லாம் விளக்கு எரிந்து பேட்டரி இறங்கி, காலையில் தள்ளி ஸ்டார்ட் செய்து ஓட்டும் நாளில் அவ்வளவும் அந்தச் சின்ன மீட்டர் வழியே பாயும். டாஷைக் கழற்றி மீட்டரின் பின்புறம் பாருங்கள்: இரண்டு கம்பங்களைச் சுற்றி அட்டை வட்டம் பழுப்பேறி, ஒயரின் ரப்பர் பளபளவென்று இளகி, தொட்டால் ஒட்டும்.

மீட்டரை மின்சுற்றிலிருந்து விலக்கிவிடுங்கள். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து பேட்டரிக்கு நேராக 10 சதுர மில்லிமீட்டர் கேபிள், பேட்டரி அருகிலேயே ஆல்டர்னேட்டர் அளவுக்குச் சற்று மேற்பட்ட ஃபியூஸ். டாஷில் அந்த ஓட்டைக்கு வோல்ட் மீட்டர். எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நின்றால் எல்லாம் நலம். பழைய மீட்டரின் அழகு வேண்டும் என்பவர்கள் ஒயர் இல்லாமல் அப்படியே விட்டுவிடலாம். நான் அதைத்தான் சொல்வேன்.

ஒரு துணுக்கு. ஸ்டார்ட் ஆனதும் சார்ஜ் ஆகவில்லை, ஒரு தடவை நன்றாக ரேஸ் செய்தால் ஆகிறது என்றால், சார்ஜிங் பல்பை யாராவது எல்இடி ஆக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பல ஆல்டர்னேட்டர்களுக்கு அந்த பல்பு வழியாக வருகிற சிறு கரண்ட்தான் விழிப்பூட்டுவது. எல்இடி போதிய கரண்ட் விடாது. பழைய இழை பல்பைத் திரும்பப் போடுங்கள்.

பெட்ரோல் வண்டி: மதியம் நாகர்கோவில் நெரிசலில் நின்று போகிறது, ஆறினால் ஓடுகிறது

இரண்டு காரணங்கள் ஒரே அறிகுறியைக் காட்டும். ஒன்று, பைப்பில் பெட்ரோல் ஆவியாகி பம்ப் இழுக்காமல் போவது. மற்றது, சூட்டில் காயிலோ கண்டென்சரோ கைவிடுவது. நின்றவுடனேயே பிரிக்க வேண்டும், ஆறிய பிறகு எதுவும் தெரியாது. ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, எஞ்சின் அணைந்த நிலையில், கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டரை ஒரு முறை இழுங்கள். பெட்ரோல் பீய்ச்சினால் எரிபொருள் இருக்கிறது, தீப்பொறியைத் தேடுங்கள். ஒன்றும் வராவிட்டால் பைப் வழியே போங்கள்: மேனிஃபோல்டை ஒட்டிப் போகிறதா, தகட்டு மறைப்பு இருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டார்களா என்று. பைப்பை விலக்கி, நடுவில் ஒரு தகடு வைத்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும்.

இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பர் ஹோஸையும் பம்பின் டயாஃப்ரத்தையும் ஊற வைத்து இளக்கும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து கிடப்பதற்குக் காரணம் அதுதான். எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் இருந்தால்தான் ஈரக்காற்று உள்ளே நிற்கும்.

ஆவி அடைப்புக்கு எலெக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தால் எந்த வண்டியுடையது என்று பாருங்கள். இந்தக் கார்புரேட்டருக்கு 3 பிஎஸ்ஐ சுற்றுவட்டம் போதும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்பை மாட்டினால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். கரும்புகை, பிளக் நனைவது, எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை மூன்றும் சேர்ந்தால் இதுதான். ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

டீசல் மாற்றிய வண்டி: காலையில் ஸ்டார்ட் ஆகி உடனே அணைகிறது

காற்று. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸை மாட்டி ஓட்டிப் பாருங்கள், குமிழி போவது கண்ணுக்குத் தெரியும். டேங்க் முனையிலிருந்து ஒவ்வொரு கிளிப்பாக வாருங்கள். பெட்ரோல் டேங்கில் டீசலுக்கான ரிட்டர்ன் ஓட்டை கிடையாது. அதனால் ரிட்டர்ன் பைப்பை டேங்குக்குக் கொண்டுபோகச் சோம்பி, ஃபில்டருக்கு முன்னாலேயே 'டி' வடிவ இணைப்பு போட்டுச் சேர்த்துவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் வந்த குமிழி வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும். டேங்க்கில் தனி ஓட்டை போட்டு ரிட்டர்னை விடுங்கள். டேங்கைப் பற்றவைப்பதாக இருந்தால் கழற்றி, கழுவி, வெல்டிங் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

60-க்கு மேல் போக மறுக்கிறது

கோளாறு அல்ல, கணக்கு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் நிமிடத்துக்கு 2,300 சுற்றில் பிடிக்கிற டிராக்டர் எஞ்சின், பழைய 5.38 விகித ஆக்சில் (ஷாஃப்ட் 5.38 சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), 6.00-16 டயர் என்றால் டாப் கியரில் ஏறக்குறைய 58 கிலோமீட்டர்தான் வரும். கவர்னர் ஸ்குருவைத் திருகி வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அந்த எஞ்சினின் கனெக்டிங் ராடு அதற்காகச் செய்ததில்லை.

ஃபோர் வீல் போட்டால் லீவர் தெறித்து வெளியே வருகிறது

தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் எந்த ஜீப்பும் இறுகும், அது வேறு. ஈர மண்ணிலும் தெறிக்கிறது, ஆக்சிலிலிருந்து கட கடவென்று சத்தம் வருகிறது என்றால் முன்னும் பின்னும் விகிதம் வேறாக இருக்கலாம். பின் ஆக்சில் உடைந்து 4.88 உள்ள வேறு ஆக்சில் போட்டிருப்பார்கள். முன்னால் பழைய 5.38 அப்படியே இருக்கும். டூ வீலில் ஓட்டும்வரை யாருக்கும் தெரியாது. டயர் அளவு முன்னும் பின்னும் வேறாக இருந்தாலும் இதே கதை, கொஞ்சம் மெதுவாக.

கண்டுபிடிக்க ஒன்றும் கழற்ற வேண்டாம். சமதரையில் கட்டை வைத்து, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்குங்கள். ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு. சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஐந்தரைக்குச் சற்றுக் குறைவா, ஐந்துக்குச் சற்றுக் குறைவா என்பது கண்ணுக்கே தெரியும். முன் ஆக்சிலிலும் அப்படியே. இரண்டும் வேறு என்றால் ஒரே வழி, ஒன்றின் கிரவுன் பினியனை (ஆக்சிலுக்குள் விகிதத்தைத் தீர்மானிக்கும் பற்சக்கர ஜோடி) மாற்றுவது. அதுவரை ஃபோர் வீல் லீவரைத் தொடாதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்தால் செலவு அதைவிட அதிகம்.

பிரேக்: இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது, அல்லது முன் டிஸ்க் கொதிக்கிறது

முன்னால் டிஸ்க் மாற்றிய வண்டிகளின் இரட்டைப் பிரச்சினை. டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரில் சிறு அழுத்தத்தைப் பைப்பிலேயே நிறுத்திவைக்கும் வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை, டிஸ்க்குக்கு அது விஷம்; பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சரி என்று அந்த வால்வைப் பிடுங்கினால் அடுத்த சிக்கல்: ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. எண்ணெய் திரும்ப வடியும், அதனால் முதல் மிதி காலியாகப் போகும். டிஸ்க்குக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டர், டிஸ்க் பைப்பில் 2 பிஎஸ்ஐ வால்வு, டிரம் பைப்பில் 10 பிஎஸ்ஐ வால்வு என்று பிரித்துப் போட்டால் இரண்டும் தீரும்.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க எஞ்சினை அணைத்து, பெடல் கல்லாகும் வரை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் வரவில்லை. டீசல் எஞ்சினின் மேனிஃபோல்டில் வேக்குவம் கிடையாது, பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த பம்ப்தான் தருகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றியபோது பம்ப் இல்லாததைப் போட்டுவிட்டார்களா?

மலை ஏறும்போது மட்டும் சூடேறுகிறது

மாறாமலை, பாலமோர் ஏற்றத்தில் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்தால் முள் ஏறுகிறது, ஆரல்வாய்மொழி நாற்கரச் சாலையில் ஒன்றுமில்லை என்றால் காற்றுதான் பற்றவில்லை. ஃபேனைச் சுற்றியுள்ள தகட்டு வளையத்தை எஞ்சின் மாற்றும்போது எறிந்திருப்பார்கள். அதைத் திரும்பச் செய்து போடுங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் என்றால் ஒரு காகிதத்தை ரேடியேட்டர் முன்னால் பிடித்துப் பாருங்கள், உள்ளே இழுக்க வேண்டும். ஒயர் மாறியிருந்தால் வெளியே ஊதும். சாலை வேகத்தில் சூடாகி ஏற்றத்தில் ஒன்றுமில்லை என்றால் ரேடியேட்டர் அடைப்பு. சூடான மூடியைத் திறக்க வேண்டாம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வருடந்தோறும் யாராவது திறக்கிறார்கள்.

ஓடையில் இறங்கிய பின் ஆக்சில் ஆயில் மோர் நிறத்தில்

காளிகேசம் பக்கம் ஓடையைக் கடந்தவர்களுக்குத் தெரியும். ஓடி ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுத் துளை அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மூச்சுத் துளையில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி பானட் உயரத்துக்குக் கொண்டுபோங்கள், சில்லறைக் காசு வேலை. ஆயிலை அன்றே மாற்றுங்கள். ஆக்சிலுக்கு ஜிஎல்-5 ரக கியர் ஆயில் சரி. பித்தளைச் சின்க்ரோ உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஊற்றுங்கள்.

பிவிசி பைப்பில் வீட்டிலேயே ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) செய்தவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஸ்நார்க்கலின் வாயை ஒரு பலகையால் மூடுங்கள், கையால் வேண்டாம். எஞ்சின் திணறி அணைய வேண்டும். சாவகாசமாக ஓடிக்கொண்டே இருந்தால் கீழே எங்கோ இணைப்பு காற்றை இழுக்கிறது. அங்கே இழுப்பது ஃபில்டரைக் கடக்காத தூசி. தண்ணீரில் இறங்கினால் தண்ணீர்.

எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போனால் திருப்பி அனுப்புகிறார்கள்

இதுவும் ஒட்டுப் போட்ட இடத்துக் கோளாறுதான், காகிதத்தில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, எஞ்சினும் எரிபொருளும் மாறினால் முன் அனுமதியும் ஆர்சியில் பதிவும் கேட்கிறது. 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நாளில் பிளாக்கில் உள்ள எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்பே பிளாக்கில் கிரீஸைத் துடைத்து எண்ணைப் படித்துவிடுங்கள். எஞ்சின் வாங்கிய ரசீது இருந்தால் விற்பவரிடமிருந்து அன்றே கைமாற வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.